பேசக் கூடாத அறை

ஜூன் 14

தங்கைக்கு,

இங்கு நலம். ஒரு காரியமாக எழுதுகிறேன்.

என் கண்ணாடி உடைந்துவிட்டது. உடைத்தது நானேதான். நாற்காலியில் கழற்றி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன். தெருமுனைக் கடையில் பழைய பவர் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கண்ணைச் சோதித்து அதை எனக்கு மாட்டிவிட்டவள் நீ. எண் உன்னிடம் இருக்கும். ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பினால் போதும். நீளமாக எதுவும் எழுத வேண்டும் என்பதில்லை.

இப்போதைக்கு அதற்கும் முந்தைய கண்ணாடியை வைத்து ஓட்டுகிறேன். கடைசி பெஞ்சில் யார் சிரிக்கிறார்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று தெரிவதில்லை. எல்லோரும் சிரிப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்கள். 'அறிவியல் முறை' என்று தலைப்பு. கேள்வி, ஊகம், சோதனை, கவனிப்பு, முடிவு என்று ஐந்து கட்டம் போட்டு நடுவில் அம்புக்குறி வரைந்த ஒரு படம். படத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். "புத்தகத்துல பதில் இல்லாத கேள்வியா ஒண்ணு கேளுங்க" என்றேன். வகுப்பு லீடர் பெண் எழுந்து, "பதில் புத்தகத்துல இல்லன்னா பரீட்சையில எப்படி மிஸ் மார்க் போடுவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சொல்ல வந்தது கண்ணாடியைப் பற்றி. வீடு அப்படியே இருக்கிறது. உன் அறைக் கதவு மழைக்கு உப்பிப்போய் மூட மாட்டேன் என்கிறது. திறந்தே கிடக்கிறது.

எண்ணை அனுப்பு.

அக்கா

---

ஜூன் 23

மாட்சிமை தங்கிய ஆசிரியை அவர்களுக்கு,

கவரின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பதறிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், போவதற்கு நம் பக்கம் ஆள் ஏது? நீயும் நானும்தான் பாக்கி.

வலது கண் மைனஸ் இரண்டேகால். இடது கண் மைனஸ் ஒன்றேமுக்கால். ஆனால் அது பழைய கணக்கு. உன் வயசுக்கு இந்நேரம் கிட்டப் பார்வையும் மங்கியிருக்கும். மறுபடி சோதித்துக்கொள். நான் சொன்னால் கேட்கமாட்டாய், தெரியும். கடைக்காரர் சொன்னாலாவது கேள்.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கடையில் போன் இருக்கிறது. நம்பர் உன்னிடம் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டுத் தாள் எடுத்து, தேதி போட்டு, தபால்தலை ஒட்டி எழுதியிருக்கிறாய். போன் என்றால் 'ஹலோ' என்றாவது வாயைத் திறக்க வேண்டும். கடிதம் எழுதினால் பேசியதாக ஆகாது. அதானே உன் சட்டம்?

அம்மா போன அன்று, வந்தவர்கள் எல்லாம் கிளம்பின பிறகு, கூடத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் சொன்னாய்: "ஆஸ்பத்திரியிலேயே வச்சிருந்தா அம்மா இருந்திருப்பா. நீ கூட்டிட்டு வந்ததாலதான் போயிட்டா." என் முகத்தைப் பார்த்து நீ பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். நீ சுவரைப் பார்த்து "காபி ஆறுது" என்பாய். நான் பூனையைப் பார்த்து "எனக்கு வேணாம்" என்பேன். அந்தப் பூனை பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று முழித்துக்கொண்டிருந்தது. அதுதான் முதலில் வீட்டை விட்டுப் போனது. அடுத்தது நான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கடையின் பின்பக்கம் இருட்டறை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு டிரைவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பித்தார். சத்தமில்லாமல் பலகையை மாற்றினேன். பழையதையே ஒப்பித்தார். உன் ஒன்பதாம் வகுப்பு வளர்ந்து எங்கே போகிறது என்று கவலைப்படாதே. இங்கேதான் வருகிறது.

என் அறைக் கதவை இழைத்துவிடச் சொல்லி ஒரு தச்சரைக் கூப்பிடு. திறந்து கிடந்தால் கரப்பான் வரும்.

இன்னமும் உன் தங்கைதான், வேறு வழியில்லை

---

ஜூலை 5

வாலுக்கு,

பழக்கதோஷத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டது. அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

கண்ணாடி போட்டுவிட்டேன். கிட்டப் பார்வையும் மங்கித்தான் இருக்கிறதாம். கடைக்காரர் சொன்னார், கேட்டுக்கொண்டேன்.

நீ எழுதியிருந்த மற்றதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணானதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன். அது எனக்குச் சுலபமாக வரும்.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்று பலகையில் எழுதினேன். "காக்கா உட்கார்ந்ததாலதான் பழம் விழுந்துச்சா? எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் கண்ணைத் திறக்காமலே, "காக்காவையே கேட்டுரலாம் மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்து அடங்கப் பாதி நேரம் போய்விட்டது. அப்புறம் ஒருவன், "பழுத்த பழம் காக்கா வராட்டியும் விழும்" என்றான். "அப்ப காக்கா வராத மரத்தையும் பாக்கணும்." "அந்த மரமும் இதே மாதிரி மரமா இருக்கணும்." "பழமும் அதே அளவு பழுத்திருக்கணும்." ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பிடுங்கிப் பேசினார்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு வேண்டும், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், அன்றைக்குப் போல ஒரு நாள் எனக்கு அமைந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிறகு லீடர் பெண்ணே ஒரு கேள்வி கொண்டுவந்தாள். அவள் அம்மா செடிகளிடம் பேசுவாராம், பேசினால் நன்றாக வளரும் என்பாராம். அது நிஜமா? புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரியாது. அதையே எடுத்துக்கொண்டோம்.

ஒரே பையிலிருந்து எடுத்த அவரை விதை, ஒரே மண், ஒரே மாதிரித் தொட்டிகள். பாதி ஆய்வகத்தில், பாதி பக்கத்துச் சாமான் அறையில். இரண்டுக்கும் ஒரே திசையில் ஜன்னல். ஆய்வகத்துச் செடிகளோடு மதிய இடைவேளையில் பேசுகிறார்கள். ஒருத்தி வாய்ப்பாடு சொல்கிறாள். ஒருவன் கால்பந்து ஆட்டத்தின் வர்ணனையை ஒப்பிக்கிறான். இன்னொருத்தி, "ஏய், உன்னை நம்பி எல்லார்கிட்டயும் சவால் விட்டிருக்கேன், மானத்தை வாங்கிடாதே" என்று மிரட்டுகிறாள். சாமான் அறைக் கதவில் 'பேசக் கூடாத அறை' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள் போய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பூனைநடை நடக்கிறார்கள். சாவி என்னிடம். விடுமுறை நாளில் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

நேற்று மணி அடிக்கும் நேரத்தில் லீடர் பெண், "மிஸ், நீங்க எதையாவது இந்த மாதிரி சோதிச்சுப் பாக்காமலே நம்பியிருக்கீங்களா?" என்று கேட்டாள். "நேரமாச்சு, பையை எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜூலை 16

அக்கா,

ஊருக்குத்தான் உபதேசமா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டாள். இதில் காக்கை யார், பனம்பழம் எது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். நீ மட்டும் ஒரே நாளில் முடிவு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாய். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியிலேயே விட்டுவைத்த இன்னொரு அம்மா நமக்கு இருந்தாளா என்ன?

உன் இரண்டு அறைக் கதையைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரே வீடு. ஒரே சாப்பாடு. ஒரே ஜன்னல் வெளிச்சம். பேச்சு மட்டும் கிடையாது. இந்தச் சோதனையை நீ ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டாய் அக்கா, செடியை வைத்து இல்லை, என்னை வைத்து. முடிவை நான் சொல்கிறேன், எழுதிக்கொள். அந்த அறையில் இருந்தது வாடவில்லை, சாகவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டது. ஆனால் ஒரு நாள் காலை, யாராவது "எங்க கிளம்பிட்டே?" என்று கேட்பார்களா என்று பெட்டியோடு வாசலில் நின்று பார்த்தது. நீ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். குழாயை நிறுத்தவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் முதலாளி கடல் தாண்டிப் புதிதாக ஒரு கடை திறக்கிறார். மூன்று வருஷம் அங்கே இருக்க முடியுமா என்று கேட்கிறார். ஆகஸ்ட் பதினான்குக்குள் பதில் சொல்ல வேண்டும். யாரிடமாவது யோசனை கேட்கலாம் என்று பார்த்தேன். ஆள் அகப்படவில்லை. இங்கே எனக்குத் தெரிந்த முகம் எல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் முகம்தான். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, அன்று நான் யாரோடும் பேசுவதில்லை. திங்கட்கிழமை முதல் ஆளிடம் "வாங்க, உக்காருங்க" என்னும்போது தொண்டை கரகரக்கிறது. அங்கே போனால் மட்டும் என்ன மாறிவிடும் என்றும் தோன்றுகிறது. இங்கே இருந்துதான் என்ன என்றும் தோன்றுகிறது.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

நான்

---

ஜூலை 29

வாலுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். குழாயை நான் நிறுத்தவில்லைதான். பெட்டியை நகர்த்தும் சத்தம் எனக்குக் கேட்டது.

பள்ளியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல என்னால் முடியாது.

சோதனை முடிந்தது. இரண்டு அறைச் செடிகளையும் அளந்தார்கள். உயரத்தில் வித்தியாசமே இல்லை. சாமான் அறையில் இரண்டு தொட்டி கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்திருந்தது. சவால் விட்டவளுக்கு முகம் தொங்கிப்போனது. "பேச்சால் செடிக்கு எந்தப் பயனும் இல்லை" என்று எழுத லீடர் பெண் சுண்ணாம்புக்கட்டியோடு பலகைக்குப் போனாள். 'பேச்சால்' என்று எழுதியாகிவிட்டது. "நிறுத்தும்மா" என்றேன்.

விஷயம் இதுதான். பள்ளி விட்ட பிறகு நான் அந்த அறையில் உட்காருகிறேன். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன்? ஆய்வகத்தில் நாற்றம், ஆசிரியர் அறையில் வம்பு. சாமான் அறை அமைதியாக இருக்கும். ஒரு நாள் தண்ணீர் ஊற்றும்போது, "பாவம், உங்ககிட்ட யாருமே பேச மாட்டேங்கறாங்களே" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. தினமும் பேசினேன். எண்ணெய் தீர்ந்துபோனதை, கால் வலியை, அன்றைக்கு வகுப்பில் நடந்ததை எல்லாம் பேசினேன். விடுமுறை நாளில் போனால் அரைப்பொழுது பேசினேன். பேசக் கூடாத அறை என்று அவர்கள் எழுதி ஒட்டிய கதவைச் சாத்திக்கொண்டு, ஆய்வகத்தில் மொத்த வகுப்பும் பேசியதைவிட அதிகமாக நான் ஒருத்தி பேசியிருக்கிறேன். சோதனை பாழ். நான்தான் பாழாக்கினேன்.

வகுப்பில் சொன்னேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரித்தார்கள். "அப்ப பேச்சு உதவும்னு எழுதலாமா மிஸ்?" என்றாள் லீடர் பெண். அதுவும் தெரியாது, இரண்டு பக்கமும் பேச்சு இருந்துவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்றேன். மறுபடி முதலிலிருந்து செய்யப் போகிறார்கள். "இந்தத் தடவை சாவி எங்ககிட்டயே இருக்கட்டும் மிஸ்" என்று வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் கிளம்பின பிறகு தூங்குமூஞ்சி மட்டும் நின்று, "அப்படி என்ன மிஸ் பேசினீங்க?" என்று கேட்டாள். நன்றாக விழித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன்.

உனக்குச் சொல்கிறேன். பாதிப் பேச்சு உன்னிடம் பேச வேண்டியதுதான்.

இனி அம்மா விஷயம். நீ சொன்னது சரி. ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. நீ வீட்டுக்குக் கூட்டி வந்ததால்தான் அம்மா போனாள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தாலும் அப்படி நடந்திருக்கலாம். ஆகவே உன்மேல் குற்றம் சொன்னது தவறு. அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெளிநாடு போவதும் போகாததும் உன் விருப்பம். இதில் யோசனை சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 6

போதிய ஆதாரம் இல்லை!

நல்லது. கைதி விடுதலை. நீதிபதி அம்மாவுக்குக் கோடிக் கும்பிடு.

அக்கா, நான் உன்னிடம் தீர்ப்பா கேட்டேன்? போன தீர்ப்பில் நான் குற்றவாளி, இந்தத் தீர்ப்பில் 'தெரியவில்லை.' இதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் அழுவது? சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுக்க நான் என்ன வழியில் போகிறவளா? ஒரு தாய் வயிற்றில் பிறந்தவள்.

உன் படத்தில் முதல் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது, மறுபடி பார். கேள்வி. நீ கடைசிக் கட்டத்தில் ஆரம்பித்தாய். இப்போதும் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருந்ததைத்தான் அழித்து எழுதியிருக்கிறாய். அம்மாவை ஏன் கூட்டி வந்தாய் என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. "யாரைக் கேட்டுக் கூட்டிட்டு வந்தே?" என்று மூன்று நாளும் சமையலறையில் கத்தினாய். அது கேள்வி இல்லை, உனக்கே தெரியும். ஏன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால் போதும்.

அவரைச் செடியிடம் அரைப்பொழுது பேசுகிறாயாம். அதைப் படித்துவிட்டு இருட்டறையில் போய் உட்கார்ந்து அழுதேன். வெளியே ஆள் காத்துக்கொண்டிருந்தது. கண் மருந்து பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்.

பதினான்காம் தேதி பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

---

ஆகஸ்ட் 12

வாலு,

கேட்கிறேன்.

அம்மாவை ஏன் வீட்டுக்குக் கூட்டி வந்தாய்?

எனக்குப் பதில் தெரியும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து உனக்குச் சலித்துவிட்டது, அதனால் கூட்டி வந்துவிட்டாய் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு நீ எந்த இடமும் கொடுத்ததில்லை. நானாக நினைத்தேன், நினைத்ததை நிஜம் என்று வைத்துக்கொண்டேன்.

கேட்காததற்குக் காரணம் பயம். நீ ஒரு பதில் சொல்லி, அது நான் நினைத்ததாக இல்லாமல் போய்விட்டால், கோபப்பட எனக்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள். அம்மா இல்லை என்பது மட்டும்தான் மிஞ்சும்.

எந்தப் பதிலாக இருந்தாலும் சொல். வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் கடை சாத்தும்வரை தபாலுக்குக் காத்திருந்துவிட்டு, முதலாளியிடம் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இனி மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த மாதம் மூன்றாவது வாரம் கிளம்புகிறேன்.

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

அந்த ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம் மூன்றிலிருந்து ஐந்து. உனக்கு அப்போது தேர்வு வேலை, விடுப்பே கிடையாது. ஊரின் அந்தக் கோடியிலிருந்து நீ வந்து சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உன்னால் வர முடிந்தது. மற்ற நாளெல்லாம் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பரீட்சை நேரம்மா, ஞாயித்துக்கிழமை வருவா" என்பேன். "எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்பாள். கண் மட்டும் கதவை விட்டு வராது.

டாக்டரிடம் கேட்டேன். "இங்க இருந்தா கொஞ்ச நாள் கூட இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம், அடிச்சு சொல்ல முடியாது" என்றார். அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவ நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவா இல்ல? என்னை அங்க கொண்டுபோய் விட்டுடு. தினமும் அவளைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே. வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துடுவா" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. அம்மா உன்னைப் பார்க்கத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அந்த மூன்று நாளும் நீ பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கத்தினாய். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் கத்தினாய். கேட்டது. அவள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள் என்று நான் நடுவில் ஓடினேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "சத்தத்தைப் பாரு. வந்துட்டா" என்றாள். மூன்று நாளும் நாலரை மணிக்கு அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று நீ அடுத்துக் கேட்பாய். சொல்லியிருந்தால் நீ அதைத் தூக்கி உன் தலைமேல் போட்டுக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? என்மேல் கோபமாக இருந்தால் கோபத்திலாவது குளிப்பாய், சாப்பிடுவாய், வேலைக்குப் போவாய். பத்து நாள் திட்டுவாய், அப்புறம் ஆறிவிடுவாய், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது என் ஊகம். நீ திட்டவே இல்லை. பேச்சை நிறுத்திவிட்டாய். நாள் ஆக ஆகச் சொல்லவும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. கேட்காதவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கும் என்று பார்த்தால், உன்னை நினைத்துப் பயமாக இருக்கிறது. தனியாக இருக்கிறாய். இந்தக் கடிதத்தை வீட்டில் வைத்துப் படிக்காதே. பக்கத்தில் யாராவது இருக்கும் இடத்தில் படி.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 27

வாலு,

ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். அழுதுவிட்டேன். கணக்கு டீச்சர் ஒன்றும் கேட்காமல் என் வகுப்பை எடுத்துக்கொண்டு போனார்.

'என்னால்தான்' என்று தொடங்கி ஒரு தாள் எழுதினேன். உடனே கிழித்துப் போட்டேன். அப்படி எழுதி அனுப்பினால், நீ இத்தனை நாள் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அம்மா சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எனக்கு வர வேண்டிய வலியை நீ வாங்கிக்கொண்டாய். அது தெரியாமல் உன்னை வீட்டை விட்டே ஓட வைத்தேன். மன்னித்துவிடு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை, நீ இல்லாமல் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

அதற்காகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். போய்விட்டு வா. ஆனால் போவதற்கு முன் நான் உன்னிடம் வருகிறேன். தலைமையாசிரியையிடம் ஒரு வாரம் விடுப்புக் கேட்டேன். "இத்தனை வருஷத்துல நீங்க கேட்டதே இல்லையே, யாருக்கு என்ன?" என்று பதறிப்போனார். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. தங்கச்சியைப் பாக்கணும்" என்றேன். அம்மா இருந்தபோது இப்படிப் போய் நின்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது. ஸ்டேஷனுக்கு வா. தூரத்தில் நின்று கையை ஆட்டாமல் கிட்டே வந்து நில். முதலில் நான்தான் பேசுவேன். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ மட்டும் அவசரப்பட்டு ஆரம்பித்துவிடாதே.

உன் அக்கா